பெபிள் பீச்சுக்குப் போகிறவர்

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெபிள் பீச் ஏறத்தாழ 120 மைல். உள்நாட்டு நெடுஞ்சாலையைப் பிடித்தால் இரண்டு, இரண்டரை மணி நேரம். கோல்ஃப் ஆடப் போகிற அறுபது வயது அமெரிக்கர் அப்படிப் போகமாட்டார். கடலை ஒட்டி வளைந்து வளைந்து செல்லும் நெடுஞ்சாலை 1-இல்தான் வண்டியை விடுவார். காலையில் கிளம்பினால் பொழுது சாயும்போது போய்ச் சேருவார்.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். பல் மருத்துவமோ இன்ஷூரன்ஸ் தொழிலோ பார்த்து ஓய்வு பெற்றிருப்பார். பெரிய கார், அதே வயதில் இன்னும் மூன்று நண்பர்கள், பின்னால் நான்கு கோல்ஃப் பைகள். மாற்றுத் துணிகள் காலடியில் கிடந்து மிதிபடும். ஆட்டத் திறனைக் காட்டும் ஹேண்டிகேப் என்னவென்று கேட்டால் கூச்சமே இல்லாமல் பதினாலு என்பார். நண்பர்கள் மூவரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

வழியில் பிஜன் பாயின்ட் கலங்கரை விளக்கத்தில் கட்டாயம் நிற்க வேண்டும். 115 அடி உயரம், 1872-இல் விளக்கேற்றியது. ஊரார் கோபுரத்தை அண்ணாந்து பார்க்க, இவர் குனிந்து புல்லைக் கிள்ளிக் காற்றில் விடுவார். "ரெண்டு கிளப் காற்று" என்று காற்றின் வேகத்துக்குத் தீர்ப்பும் வரும். ஆட்டம் நாளைக்கு, மைதானம் இன்னும் எழுபது மைல் தள்ளி.

அடுத்து காஸ்ட்ரோவில். ஆர்டிச்சோக் என்ற காயை வைத்தே பேர் வாங்கிய ஊர். பொரித்த ஆர்டிச்சோக் ஒரு தட்டு, அப்புறம் இன்னொரு தட்டு. மனைவி எண்ணிக் கொடுத்த கொலஸ்ட்ரால் மாத்திரை சட்டைப்பையிலேயே இருக்கும்.

காருக்குள் நடப்பது பேச்சுக் கச்சேரி. பெபிள் பீச்சில் நடந்த 1982 யு.எஸ். ஓப்பனில், 17-ஆவது குழியின் ஓரத்தில், அடர்ந்த புல்லுக்குள் கிடந்த பந்தை டாம் வாட்சன் நேரே குழிக்குள் போட்டுப் போட்டியாளர் நிக்லாஸை முந்தினாரே, அதை இவர் தொலைக்காட்சியில்தான் பார்த்தார். சொல்லும்போது மட்டும் வாட்சனின் பையைத் தூக்கிய கேடி இவர்தானோ என்று தோன்றும். 2000-இல் டைகர் வுட்ஸ் அதே மைதானத்தில் அதே போட்டியை 15 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் ஜெயித்ததையும் சொல்வார், அதில் தம் யோசனைக்கும் பங்குண்டு என்கிற தொனியில்.

அவருக்கு மிகவும் பிடித்த தகவல் வேறு. 1919-இல் திறந்த இந்த மைதானத்தை வடிவமைத்த ஜாக் நெவில், டக்ளஸ் கிராண்ட் இருவரும் அமெச்சூர் ஆட்டக்காரர்கள். "நம்மள மாதிரி ஆளுங்கப்பா!" நெவில் கலிஃபோர்னியா மாநில அமெச்சூர் பட்டத்தைப் பலமுறை வென்றவர் என்பதை யாரும் நினைவூட்டுவதில்லை. ஓட்டுகிறவரிடம் வம்பு வைத்துக்கொள்ள முடியுமா?

பெபிள் பீச்சில் ஒரு ஆட்டத்துக்குக் கட்டணம் 600 டாலருக்கும் மேல். நம் கணக்கில் அரை லட்சம் ரூபாயைத் தாண்டும். கேடி கூலி தனி, மைதானத்தின் விடுதியில் அறை வாடகை தனி. அதையெல்லாம் முகம் சுளிக்காமல் கட்டியவர், '17 மைல் சாலை'யின் வாசலில் விடுதி விருந்தினருக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது என்றதும் பூரித்துப் போவார். மிச்சமானது பத்துப் பன்னிரண்டு டாலர். பாறை முனையில் நிற்கும் ஒற்றை சைப்ரஸ் மரத்தின் முன்னால் படம் எடுத்துக்கொள்வார். விடுதியின் சின்னமே அந்த மரம்தான். விழாமலிருக்க இரும்பு வடம் போட்டு இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். ஆட்டத்துக்கு முந்தைய இரவு இவருடைய இடுப்புக்கும் ஒரு பெல்ட் உண்டு.

மறுநாள் ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஏழாவது குழி நூறு கெஜத்தைச் சற்றே தாண்டும் தூரம்தான். காரில் வரும்போது ஒரே அடியில் கிரீனில் நிறுத்திய பந்து, நேரில் பசிபிக் கடலுக்குப் போனது. 17-இல் நால்வரும் வாட்சன் நின்ற இடத்தைக் கேடியிடம் கேட்டு, ஆளுக்கு இரண்டு தடவை அடித்துப் பார்த்தார்கள். பின்னால் வந்த கோஷ்டி காத்திருந்தது. அவர்களும் அதையேதான் செய்யப் போகிறார்கள். 18-ஆவது குழியில் இடப்பக்கம் நெடுகக் கடல். அங்கேயும் பந்துகள் போயின.

திரும்பும்போது உள்நாட்டு நெடுஞ்சாலைதான். எங்கும் நிற்பதில்லை.

பெபிள் பீச்சில் விடுதியில் தங்காதவரும் ஆடலாம். முந்தைய நாள் போன் செய்து, இடம் மிச்சமிருந்தால் கிடைக்கும். செலவும் குறையும். அந்த வழி இவருக்குத் தெரியும். ஆனால் ஒரு நாளில் முடிவாகிற பயணத்தைப் பற்றி ஆறு மாதம் பேச முடியாது என்பதால் ஒருபோதும் அதை நாடமாட்டார்.