வழக்குள்ள அண்ணாச்சி

வார்டு அண்ணாச்சி என்பவர் திருநெல்வேலி டவுணின் நான்கு ரத வீதிகளிலும் அவற்றிலிருந்து பிரியும் சந்துகளிலும் காணப்படும் அரசியல் பிரமுகர். எந்தக் கட்சியானாலும் வேட்டி வெள்ளைதான், கரை மட்டும் மாறும். சட்டைப் பை மெல்லிய துணியில் இருக்கும். உள்ளே உள்ள தலைவர் படம் வெளியே தெரிய வேண்டும், படத்துக்குப் பின்னால் உள்ளது தெரியக் கூடாது. காலையில் வாகையடி முக்கு, மாலையில் சந்திப்பிள்ளையார் முக்கு. ஆனித் தேரோட்டத்தன்று வடத்தைத் தொட்ட கையோடு புகைப்படம் எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடுவார்.

இவரது பொது வாழ்க்கை முதல் வழக்கில் தொடங்குகிறது. மறியல், அனுமதியில்லாத ஊர்வலம் போன்றவற்றை அவர் வழக்கு என்றே நினைப்பதில்லை, தியாகக் கணக்கில் வரவு வைத்துவிடுவார். பாளையங்கோட்டை மத்திய சிறையில் இருந்த மூன்று நாளை முப்பது ஆண்டு பேசலாம். இடத்தகராறு, மிரட்டல், கட்டப் பஞ்சாயத்து ஆகியவை அடுத்த ரகம். அவை ஆளுங்கட்சியின் காழ்ப்புணர்ச்சியால் போடப்பட்ட பொய் வழக்குகள். அவரது கட்சியே ஆட்சியில் இருக்கும்போது போடப்பட்டவை என்றால், உட்கட்சிச் சதி.

வேட்பாளர் தம் மீதுள்ள வழக்குகளை வாக்காளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தெரிந்துகொண்ட வாக்காளர் விலகிப் போவார் என்று எதிர்பார்க்கலாம். டவுண் வாக்காளரின் கணக்கு வேறு. "கேஸே இல்லாதவன் நமக்காக ஸ்டேஷனுக்குப் போயி என்னத்தவே பேசுவான்?" என்று அவர் கேட்பார். அந்தக் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. பறிபோன பைக்குக்குப் புகார் ரசீது வாங்கவே சிபாரிசு தேவைப்படும் ஊரில், இன்ஸ்பெக்டரின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரத் தெரிந்தவருக்குத் தனி மதிப்பு உண்டு. அந்த நாற்காலி அவருக்கு எப்படிப் பழக்கமானது என்று யாரும் துருவுவதில்லை.

பதவிக்கு வந்ததும் அவரது மூக்கு கூர்மையடைகிறது. கட்டட வரைபடத்துக்கு அனுமதி தருவது அதிகாரிகளின் வேலை, கவுன்சிலர் கையெழுத்துக்கு அதில் இடமில்லை. ஆனாலும் ஒரு வீட்டு வாசலில் ஒரு லோடு எம்-சாண்ட் இறங்கிய அரை மணி நேரத்தில் அண்ணாச்சி அங்கே நிற்பார். "வீடு கெட்டுதியளோ? சந்தோசம். பிளான் அப்ரூவல்லாம் இருக்குல்லா? சும்மாதான் கேட்டேன்." இந்தச் சும்மாவுக்கு ஒரு தொகை உண்டு. குடிநீர் இணைப்புக்கு ஒன்று, ரோட்டை வெட்டினால் இன்னொன்று. கூப்பிடு தூரத்தில் தாமிரபரணி ஓடுகிறது என்பதற்காகத் தள்ளுபடி கிடையாது.

உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-ல் சட்டம் வந்தபோது அண்ணாச்சி இனம் அழிந்துவிடும் என்று சிலர் நம்பினார்கள். அது அழியவில்லை, அண்ணி தேர்தலில் நின்றார். கையெழுத்து அண்ணியுடையது, செல்போன் அண்ணாச்சியுடையது. தன் வார்டில் கவுன்சிலராக ஜெயித்தது யார் என்ற சந்தேகம் அண்ணாச்சிக்கு இன்றுவரை வந்ததில்லை.

இவரது இயற்கை எதிரி லஞ்ச ஒழிப்புத் துறை. புகார்தாரரின் நோட்டுகளில் அது பினாப்தலீன் பொடியைத் தடவி அனுப்புகிறது. வாங்கிய கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் கழுவினால் நீர் இளஞ்சிவப்பாகும். லஞ்சம் வாங்கியதற்குச் சட்டப்படி குறைந்தது மூன்றாண்டு, அதிகபட்சம் ஏழாண்டு சிறை. நீர் நிறம் மாறிய அதே வேகத்தில் அண்ணாச்சிக்கு நெஞ்சு வலி வரும். அதுவரை அவர் திறப்பு விழாவுக்கு மட்டுமே போயிருந்த ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் படுக்கை தயாராகும். ஜாமீன் கிடைத்ததும் வலி போய்விடும். மருத்துவம் இதை இன்னும் ஆராயவில்லை.

வழக்கு நீளும். அண்ணாச்சிக்கு அதில் கவலையில்லை. சுடுகாட்டுக் கூரை வழக்கில் 2014-ல் தண்டிக்கப்பட்டு மாநிலங்களவைப் பதவியை இழந்த டி.எம். செல்வகணபதியை உயர் நீதிமன்றம் 2023-ல் விடுவித்தது, 2024-ல் அவர் சேலத்தின் எம்.பி. ஆனார். தம் வழக்கும் அப்படித்தான் முடியும் என்று அண்ணாச்சி டீக்கடையில் சொல்லிக்கொள்வார். அவர் உண்மையில் நிரபராதியா என்பது அந்த உரையாடலில் எழுவதில்லை.

ஆக, அவர் அஞ்சுவது கோர்ட்டுக்கு அல்ல, கட்சித் தலைமைக்கு. நெல்லை மாநகராட்சியே இதற்குச் சாட்சி. அன்றைய ஆளுங்கட்சி மேயர் பி.எம். சரவணன் மீது அவரது கட்சி உறுப்பினர்களே புகார்களை அடுக்கி, நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். வாக்கெடுப்பு நாளான 2024 ஜனவரி 12 அன்று மன்றத்துக்கு ஒருவர்கூட வரவில்லை. மாதக்கணக்கில் முழங்கிய தொண்டைகள் மேலிடத்திலிருந்து வந்த ஒரே பேச்சில் அடங்கின. தீர்மானம் தோற்றது. ஜூலையில் மேயர் தாமே விலகினார். ஆகஸ்ட் 5-ல் நடந்த தேர்தலில், சைக்கிளில் போய்வருபவர் எனப் பெயர்பெற்ற ராமகிருஷ்ணனைக் கட்சி நிறுத்தியது. கட்சிக்காரர் ஒருவரே எதிர்த்து நின்று 23 வாக்கு வாங்கினார், ராமகிருஷ்ணன் 30 பெற்று வென்றார். வாக்குச்சீட்டு ரகசியமானது என்றால் அண்ணாச்சிகளுக்குத் துணிச்சல் வந்துவிடுகிறது.

சட்டத்துக்குப் பல் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டப்படி, பதவியைத் தவறாகப் பயன்படுத்துவோரை அரசு விளக்கம் கேட்டு நீக்கலாம். 2025 மார்ச்சில் சென்னை, தாம்பரம் மாநகராட்சிகளின் கவுன்சிலர்கள் மூவரும் உசிலம்பட்டி நகராட்சித் தலைவரும் அப்படி நீக்கப்பட்டார்கள். செய்தியைப் படித்த டவுண் அண்ணாச்சிகள் ஒரு வாரம் எம்-சாண்ட் பக்கம் போகவில்லை.

2022 மார்ச்சில் பதவியேற்ற நெல்லை மன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. அண்ணாச்சி மறுபடி மனுத் தாக்கல் செய்வார், வழக்குப் பட்டியலையும் இணைப்பார். டவுண்காரர்கள் இம்முறை அதை ஒருமுறை படித்துவிட்டு ஓட்டுப் போடப் போகலாம்.