நற்சான்றுக் கோவை: ஒரு பிரமாண விசாரம்

அறிவுக்கு வாயில்களாகக் காட்சி, கருதல், உரை என்னும் மூன்று பிரமாணங்களைச் சைவ சித்தாந்த நூலோர் வகுத்துத் தந்திருப்பினும், மத்திய மாகாணத்தில் ஆசிரிய நியமனம் கோருவோர் விஷயத்தில் முன்னிரண்டும் செல்லா என்பதும், உரை ஒன்றே, அதுவும் ரப்பர் முத்திரை பதிந்த உரையே, செல்லும் என்பதும் இக்கட்டுரையின் துணிபு. நேர்முகப் பரீட்சைச் சபையின் எதிரே முழு உருவத்தோடு வந்து நின்றாலும், தாம் பிறந்ததைப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் கொண்டே விண்ணப்பதாரி நிறுவியாக வேண்டும்.

இலங்கை அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தத்தின் பயனாக மாகாணப் பாடசாலைகளின் நியமன அலுவல் கண்டிக்கு வந்து சேர்ந்தமையால், ஹட்டனிலிருந்தும் மாத்தளையிலிருந்தும் முதல் பஸ்ஸில் வந்திறங்கும் பட்டதாரிகள், மழை பிடித்துக்கொண்டால் குடையைத் தலைக்கன்றிப் பைலுக்கே பிடித்து நடப்பது இந்நகரத்தில் சகஜம். ஈரத்துக்கும் இராமபாணப் பூச்சிக்கும் அஞ்சி மூலப் பத்திரங்களை லமினேட் செய்துகொண்ட புத்திசாலிகள், அவற்றின் முதுகில் அத்தாட்சி முத்திரை குத்த வேண்டிய நாளில் மை வழுக்கிப் பரிதவிப்பர்.

அதிபர் வழங்கும் சிபாரிசுக் கடிதமோ தனி இலக்கிய வகை. பணிவு, நேர்மை, கடின உழைப்பு மூன்றும் எல்லா மாணவர்க்கும் அதே வரிசையில் அமைந்திருக்கும். இல்ல விளையாட்டுப் போட்டியன்று மைதானத்தை மிதித்தறியாதவரும் அக்கடிதத்தில் ஓடியே இருப்பார். உறவினரல்லாத இருவரின் பெயர் தருக என்று விண்ணப்பப் படிவம் கேட்கும்போதுதான், எல்லோரும் மாமனும் மச்சானுமாகிவிட்ட தோட்டத்துப் பிள்ளைக்கு மெய்யான சங்கடம் பிறக்கிறது.

எனினும் தத்துவச் செறிவில் யாவற்றையும் விஞ்சுவது, 1963இல் விதானைமார் முறை ஒழிக்கப்பட்டபின் அவ்விடத்துக்கு வந்த கிராம உத்தியோகத்தர் வழங்க, பிரதேச செயலாளர் மேலொப்பமிடும் நற்சான்றுப் பத்திரமே. அது ஆறு மாதமே செல்லும். ஒருவரது ஒழுக்கத்துக்கு இவ்வளவுதானா ஆயுள் என்று வினவுவோர், சகல பொருளும் கணந்தோறும் அழியும் என்ற பௌத்த க்ஷணிகவாதிகளை நினைவுகூர்வாராயின், நிர்வாகத்தாரின் தாராளம் விளங்கும். பரீட்சை ஒத்திவைக்கப்பட்டு ஒழுக்கம் காலாவதியாகி, அதற்குள் பழைய கிராம உத்தியோகத்தர் மாற்றலாகிச் சென்று, புதிதாக வந்தவருக்கு விண்ணப்பதாரியின் முகமே தெரியாதிருக்குமாயின், ‘எவ்வளவு காலமாக அறிவீர்’ என்னும் வினாவின் எதிரே அவர் பேனா சற்றே தயங்கும். பிறகு, காலாவதியான பழைய பத்திரத்தைக் கொண்டுவரச் சொல்லி, அதைப் பார்த்தே புதியதை நிரப்பிக் கொடுப்பார்.