பதினோரு மாதமும் நிலைக்காத கோட்டை

ஈஜோக்கிலிருந்து புக்கிட் ரோத்தான் வழியாகக் கோல சிலாங்கூருக்குப் போனால், தட்டையாகக் கிடக்கும் நிலத்தில் தீவு மாதிரி ஒற்றைக் குன்று எழும்பி நிற்கும். அதுதான் புக்கிட் மெலாவத்தி. கோட்டை பார்க்கப் போகிறவர்களுக்குக் கிடைப்பது கொஞ்சம் கல்சுவர், கடலைப் பார்த்தபடி சில பீரங்கிகள், ஏராளமான குரங்குகள்.

சங்கதி 1784இல் சூடுபிடித்தது. ரியாவ் ராஜா ஹாஜி மலாக்காவிலிருந்த டச்சுக்காரர்கள்மேல் பாய்ந்தார். ஊர் வம்பு நமக்கெதற்கு என்று இருக்காமல் சிலாங்கூர் சுல்தான் இப்ராஹிமும் துணைக்குப் போனார். ராஜா ஹாஜி மாண்டதும், டச்சுக் கப்பற்படை வட்டியும் முதலுமாக வசூலிக்க ஆகஸ்டில் கோல சிலாங்கூருக்கே வந்துவிட்டது. சுல்தான் பகாங் போய்ச் சேர்ந்தார்.

மலையைப் பிடித்த டச்சுக்காரர்கள் செய்த உருப்படியான காரியம், பெயர் வைத்ததுதான். பத்தாவியாவில் உட்கார்ந்திருந்த தலைமை ஆளுநர் அல்டிங் மனம் குளிர, கோட்டைக்கு 'அல்டிங்ஸ்பர்க்' என்று சூட்டினார்கள். மேலிடத்துக்குக் காக்காய் பிடிப்பது நம் கட்சிக்காரர்கள் கண்டுபிடித்த கலை இல்லை.

1785 ஜூனில் ஒரு ராத்திரி, பகாங் ஆட்களோடு சுல்தான் திரும்பி வந்தார். டச்சுக்காரர்கள் பீரங்கிகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். பதினோரு மாதம்கூட முடியவில்லை. பிறகு ஆற்று முகத்துவாரத்தை அடைத்துக்கொண்டு, 1786இல் சுல்தானிடம் ஒப்பந்தம் வாங்கியது தனிக்கதை. ஆனால் பெயர் மட்டும் கெட்டி. 1907இல் மலையில் எழுந்த கலங்கரை விளக்கம் இன்றைக்கும் அல்டிங்ஸ்பர்க்தான். வாடகை பாக்கியோடு ராவோடு ராவாக ஓடியவன் பெயர்ப்பலகையை வாசலிலேயே மாட்டி வைத்திருக்கிறோம்.

அளந்துவிட்ட கதைகளுக்கும் பஞ்சமில்லை. 'பத்து ஹம்பார்' என்றொரு தட்டைப் பாறை. தலை வெட்டிய இடம் என்கிறார்கள். அப்புறம் நச்சுக்கிணறு. மூங்கில் குருத்துச் சாறும் மரப்பாலும் கலந்த தண்ணீரில் துரோகியைக் கழுத்தளவு இறக்குவார்களாம். அரிப்பிலேயே ஆள் காலியாம். கித்தாக் காட்டில் காலம் தள்ளிய நம் தோட்டத்துப் பாட்டிகளிடம் இதைச் சொல்லிப் பயமுறுத்த முடியாது. "கொசுக்கடியும் பாலுமா, விடியாக் காலையில நாங்க நின்னதும் அந்தக் கெணறுதான்டா" என்பார்கள்.

கோட்டைக்குக் கடைசி மரியாதை செய்தவர்கள் ஆங்கிலேயர்கள். சிலாங்கூர் ராஜாக்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருந்த 1871இல், கடற்கொள்ளையரைத் தேடி வந்த 'ரினால்டோ' போர்க்கப்பல் கோல சிலாங்கூரைக் குண்டு போட்டு நொறுக்கியது. அத்தனை பீரங்கி இருந்தும் புண்ணியமில்லை.

முதல் மூன்று சுல்தான்களின் கல்லறை மலைமேலேயே இருக்கிறது; அங்கே குரலைத் தாழ்த்துங்கள். குரங்குக்குப் பயத்தங்காய் வாங்கினால் கட்டை முழுதாக வெளியே எடுக்காதீர்கள். சாம்பல் நிற லோத்தோங் நல்ல குடும்பத்துப் பிள்ளை, ஒவ்வொன்றாகக் கையில் வாங்கிக்கொள்ளும். நீளவால் கேரா அப்படியில்லை. நேரே பைக்குள் கைவிடும்.