தகப்பன்சாமியின் விஞ்ஞாபனம்

மகா கனம் பொருந்திய அலுவலகச் சமூகத்துக்கு அரியலூர்ப் பிரஜை ஒருவன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்டது.

என் தகப்பனார் சிவபதவி அடைந்ததன்பொருட்டு நான் வேண்டிய வாரிசுச் சான்றிதழைத் தாங்கள் பிரசாதித்தபோது, இறந்தவருக்கு வயது 81 என்றும் எனக்கு 54 என்றும் செவ்வனே பொறித்துவிட்டு, உறவுமுறைக் கட்டத்தில் 'மகன்' என்பதற்குப் பதிலாகத் 'தந்தை' என்று அச்சிட்டு, சுவாமிமலைக் குமரக்கடவுள் பிரணவம் உபதேசித்துப் பெற்ற பட்டத்தை, உபதேசிக்க ஏதுமற்ற எனக்கு இனாமாகவே வழங்கினீர்கள். அது கைப்பிசகு, நாள் முழுதும் கணினிமுன் குனிந்திருப்பவரின் விரல் ஒரு கட்டம் தவறுவதில் அதிசயம் என்ன? அன்று எனக்கு உள்ளபடியே கோபமில்லை.

திருத்தம் கோரினேன். புது முத்திரை, புதுத் தேதி, அதே தகப்பன்சாமி! எழுதியவர், சரிபார்த்தவர், ஒப்பமிட்டவர் ஆகிய மூவரின் கண்களும் 81-ஐயும் 54-ஐயும் கடந்து சென்றும், பிள்ளைக்கு 27 வயது இளையவனான அப்பனைக் கண்டு ஒருவருக்கும் விக்கல்கூட எடுக்கவில்லை. நேற்று மறுபடி வந்து நின்றபோது, "நீங்க அவருக்கு அப்பா இல்லைங்கிறதுக்கு ஏதாச்சும் ஆதாரம் வெச்சிருக்கீங்களா?" என்று தங்கள் உதவியாளர் உரக்க வினவினார். வரிசை முழுதும் சிரித்தது.

என் தகப்பனாருக்கு முதல் திவசம்கூட இன்னும் வரவில்லை, ஐயா. அவர் பெயரை வைத்தா சிரிப்பு? பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்கிக்கொண்டு பார்க்காமலிருப்பது கைப்பிசகு அல்ல.

க்ஷமிக்க வேண்டும், தகப்பன் ஸ்தானத்தில் இருப்பவனுக்குச் சற்றே முன்கோபம் வரும். தங்களைச் சொல்லித்தான் என்ன? இந்த ஜில்லாவே 2001 ஜனவரி 1-ல் பெரம்பலூரிலிருந்து பிறந்து, மறு ஆண்டே பெரம்பலூருக்குள் திரும்ப அடங்கி, 2007 நவம்பர் 23-ல் மறுஜென்மம் எடுத்ததாகையால், இம்மண்ணில் அப்பனும் பிள்ளையும் முன்பின்னாவது சகஜமே.

அந்த நவம்பர் 23-க்கு இவ்வூரில் இன்னொரு ஞாபகமும் உண்டு. 1956-ல் அதே தேதியில், பெருமழை வெள்ளத்தில் மருதையாற்றுப் பாலம் இடிந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழ, சுமார் 150 பேர் மாண்டார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பாலம் கட்டியவருமல்லர், வண்டி ஓட்டியவருமல்லர். அதே ஆண்டு மகபூப்நகர் விபத்தின்போது அவர் நீட்டிய ராஜினாமாவைப் பிரதமர் நேரு ஏற்கவுமில்லை. ஆயினும் அரியலூருக்காக மறுபடி நீட்டினார். குற்றம் அவருடையதன்று என்று சொல்லியே நேரு அதை ஏற்றார். அத்தகைய தர்மத்தைத் தங்களிடம் எதிர்பார்க்கும் அபசாரத்தை நான் செய்யேன். மூவரில் யாரேனும் ஒருவர், "ஆமாம், நான் பார்க்கவில்லை" என்று சொன்னால் போதும்.

அதுவும் சிரமமெனில் விட்டுவிடுங்கள். என் 81 வயதுப் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் கோரும் விண்ணப்பம் ஒன்றை, தகப்பன் என்ற முறையில் இத்துடன் இணைத்திருக்கிறேன். திருத்தக் கட்டண ரசீதும் உடனிருக்கிறது. அதில் தொகை மட்டும் பைசா பிசகாமல் அச்சாகியிருக்கிறது.