எருமைக்குத் தெரிந்தது

சிங்கப்பூர் வரலாற்றை எல்லோரும் 1819-இல் ராஃபிள்ஸ் வந்து இறங்கியதிலிருந்து தொடங்குவார்கள். நான் எருமையிலிருந்து தொடங்குகிறேன். காரணம் சொந்தக் காரணம்: என் பழைய ஸ்போர்ட்ஸ் கார் கொதித்து நின்ற இடம் பஃபலோ ரோடு முனை.

தேக்காவில் பஃபலோ ரோட்டுக்கு அடுத்த தெரு கெர்பாவ் ரோடு. மலாயில் கெர்பாவ் என்றாலும் எருமைதான். ஆங்கிலம் தெரிந்த எருமைக்கு ஒரு தெரு, மலாய் தெரிந்த எருமைக்கு ஒரு தெரு. வட்டாரத்துக்கே கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைப்பட்டி, என்று பெயர். பக்கத்து மகப்பேற்று மருத்துவமனையும் அதே பெயரை வைத்துக்கொண்டது. 1966-இல் மட்டும் அங்கே ஏறக்குறைய 40,000 குழந்தைகள் பிறந்து உலக சாதனை. வாத்தியார் "எருமை மாடே" என்று திட்டினாலும் அந்தத் தலைமுறைக்கு ரோஷம் வராது. பிறந்த ஊரைத்தானே சொல்கிறார்!

எருமைகள் ஏன் இங்கே வந்தன? 19-ஆம் நூற்றாண்டில் இது பள்ளமான சதுப்பு நிலம். புல்லும் தண்ணீரும் தாராளம். எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் குறைவு. உடம்பு சுட்டால் சேற்றில் இறங்கி உட்கார்ந்துவிடும். ஃபியூஸ், ரிலே, மெக்கானிக் எதுவும் வேண்டாம். சிராங்கூன் சாலையில் சுண்ணாம்புக் காளவாய்களும் எரிந்தன. நம் ஆட்கள் அந்த இடத்தைச் சுண்ணாம்புக் கம்பம் என்றார்கள். சூட்டுக்குக் காளவாய், குளிர்ச்சிக்குக் குட்டை. இன்ஜினும் ரேடியேட்டரும் தயார். கார் வரவேண்டியதுதான் பாக்கி.

1896-இல் அதுவும் வந்தது. சார்லஸ் பர்ட்டன் பக்லி என்ற வழக்கறிஞரிடம் ஒரு பென்ஸ் இருந்தது. அதற்கு வாய்த்த பட்டப்பெயர் 'கோப்பி மெஷின்'. தப்பில்லை. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக அனுப்புவதுதான் அன்றைய பென்ஸின் குளிர்விக்கும் முறையே. 1888-இல் பெர்த்தா பென்ஸ் அம்மையார் கணவரிடம் சொல்லாமல் பிள்ளைகள் இருவரையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர் போனபோது, வழியெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனார். தீப்பொறிக்குப் போகும் வயர் உரிந்தது. தன் காலுறைப் பட்டியைக் கழற்றிச் சுற்றினார். உலகின் முதல் கார் எலக்ட்ரீஷியன் அவர்தான் என்பது என் தீர்ப்பு.

பிறகு 1961 முதல் 1973 வரை அப்பர் தாம்சன் சாலையில் கார்ப் பந்தயம் பறந்தது. வேகமாக ஓடுகிற காருக்கு எதிர்க்காற்றே விசிறி. ஞாயிறு மாலை தேக்காவில் ஊர்கிற காருக்கு அந்தச் சலுகை இல்லை. ரேடியேட்டர் விசிறி சுற்றியே ஆகவேண்டும். என்னுடையது சுற்றவில்லை.

மூன்று மாதமாகவே சுற்றவில்லை. தெர்மோஸ்டாட்டை மாற்றினேன், வாட்டர் பம்ப்பை மாற்றினேன், ரேடியேட்டரையே மாற்றினேன். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி கார் அசையாமல் நின்று கொதித்தது.

அன்று கூட்டம் கூடிவிட்டது. "பச்சத் தண்ணி ஊத்துங்க" என்றார் ஒருவர். "எலுமிச்சம்பழம் வச்சு எடுத்தீங்களா?" என்றார் பூக்கடை அக்கா. நான் ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனேன்.

"தொடாதீங்க தம்பி, மூஞ்சி வெந்துரும்" என்று வந்தார் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன். கையில் ஒரு முழ வயரும் டெஸ்ட் லேம்ப்பும் மட்டும்.

முதலில் ஃபியூஸ்: நன்றாக இருந்தது. சாவியைத் திருப்பச் சொல்லி, ரேடியேட்டரின் வெப்ப ஸ்விட்சுக்குப் போகும் இரண்டு வயரையும் கழற்றி ஒன்றாகச் சேர்த்தார். ரிலே 'டிக்' என்றது, விசிறி அசையவில்லை. "ஸ்விட்சு மேல பழி போட முடியாது." ரிலேயைப் பிடுங்கி, அது உட்காரும் இடத்தில் 30, 87 என்று எண்ணிட்ட துளைகளை நேரே இணைத்தார். அதற்கும் மௌனம். "ரிலேயும் யோக்கியன்." டெஸ்ட் லேம்ப்பால் விசிறி பிளக்கின் பாசிட்டிவையும் பேட்டரி நெகட்டிவையும் தொட்டார்; விளக்கு எரிந்தது. விசிறியின் சொந்த நெகட்டிவ் வயரோடு தொட்டார், எரியவில்லை.

அந்தக் கறுப்பு வயரைப் பிடித்துக்கொண்டே போனார். கார் உடம்பில் முடுக்கியிருந்த ஒரு போல்ட்டில் முடிந்தது. சிங்கப்பூர் ஈரத்தில் ஊறி ஊறி, பச்சையும் பழுப்புமாகத் துருப்பிடித்த ஒரே ஒரு போல்ட். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முடுக்கினார். விசிறி சீறிக்கொண்டு சுற்றியது.

"என்னண்ணே கோளாறு?"

"எர்த் இல்ல தம்பி. கரண்டு வந்திருக்கு, போக மண்ணு கிடைக்கல."

அதே இடத்தில் நூறாண்டுக்கும் முன்பு கழுத்தளவு மண்ணில் இறங்கி நின்ற ஜீவன்களை நினைத்துக்கொண்டேன். அவற்றுக்கு எர்த் கச்சிதமாக இருந்தது. ரேடியேட்டர் பில் கட்டிய எருமை நான் ஒருவன்தான்.