பாவு, ஊடை, முந்தி: இளம்பிள்ளைத் திரைமதிப்பீட்டியல் குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

"படம் எப்படி?" என்று கேட்டால் எங்கள் பக்கத்தில் கிடைக்கும் விடைகள் மூன்று. "பாக்கலாம்." "ஒருக்கா பாக்கலாம்." "உனக்கு வேற சோலி இல்லையா?" இம்மூன்றுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று இன்றுவரை யாரும் அளந்து சொன்னதில்லை. துணிக்கு மீட்டர் இருக்கிறது, பருத்தி நூலுக்குக் கவுன்ட் இருக்கிறது, பட்டுக்கு டெனியர் இருக்கிறது. கதைக்கு மட்டும் கோலும் இல்லை, தராசும் இல்லை.

இந்தக் குறையைத் தீர்க்க இளம்பிள்ளையைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. கஞ்சமலைக்குப் பக்கத்தில், செயற்கைப் பட்டும் சாஃப்ட் சில்க்கும் நெய்து ஊரூருக்கு அனுப்பும் ஊர் இது. இங்கே பத்து வயதுப் பிள்ளைகூடச் சேலையின் ஓரத்தைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு விலை சொல்லும். அதே பிள்ளையின் அப்பா முதல் நாள் முதல் காட்சிக்குப் போய் ஏமாந்து திரும்புகிறார். துணியில் ஏமாறாத ஊர் படத்தில் ஏமாறுவது ஏன் என்பதே இவ்வாய்வின் வினா.

2. முன்னோர் பணி

இத்துறையின் மூத்த ஆசிரியர் 13-ஆம் நூற்றாண்டின் பவணந்தி முனிவர். நன்னூலில் அவர் ஒரு நூலுக்கு வரக்கூடிய குற்றங்கள் பத்து, அழகுகள் பத்து என்று பட்டியல் போட்டிருக்கிறார். குற்றப் பட்டியலில் 'மற்றொன்று விரித்தல்' உண்டு, 'சென்று தேய்ந்து இறுதல்' உண்டு. தொலைக்காட்சி வருவதற்கு ஏழு நூற்றாண்டுகள் முன்பே ஒருவர் நெடுந்தொடரின் பிற்பகுதியைப் பார்த்துவிட்டார் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. அதோடு, ஏடு எழுதுவதைப் பஞ்சிலிருந்து இழை நூற்பதோடு ஒப்பிட்டுச் சொன்னவரும் அவர்தான். புத்தகத்துக்கும் நூல் என்று பெயர், தறியில் ஓடுவதற்கும் நூல் என்று பெயர். அவருடைய சட்டம் இரண்டுக்கும் செல்லும் என்பது எங்கள் ஊர்த் துணிபு.

அடுத்து தணிக்கை வாரியம். இப்போது 'யு/ஏ'வையே 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். யார் பார்க்கலாம் என்பதை இது சொல்கிறது. பார்க்கத்தான் வேண்டுமா என்பதைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

மூன்றாவது, ஆனந்த விகடனின் மதிப்பெண். நூற்றுக்கு அறுபது வாங்குவதே பெரிய பாடாக இருந்த அந்தப் பள்ளிக்கூடத்தில், 1977-இல் வந்த '16 வயதினிலே' 62½ வாங்கியது. அறுபத்திரண்டு புரிகிறது. அந்த அரை எதற்கு? எந்த நடிப்புக்கு, எந்தப் பாட்டுக்கு, எந்தக் கோழிக்கு? தமிழ்த் திரை விமரிசனத்தின் தீராத புதிர்களில் ஒன்றான அந்த அரை மதிப்பெண் இவ்வாய்வாளனைப் பல இரவுகள் தூங்கவிடவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; கடைசியில் வேண்டியிருக்கும்.

3. துணியும் படமும் ஒன்றே என்பதற்கு வரலாற்றுச் சான்று

'சேலைக்கும் சினிமாவுக்கும் என்ன சம்பந்தம்?' என்று மறுப்பவர் எழக்கூடும். அவர்களைச் சேலம் ஏற்காடு சாலைக்கு அனுப்பி, அங்கே மிஞ்சி நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்புத் தளத்தின் நுழைவு வளைவின் கீழ் சிறிது நேரம் நிறுத்த வேண்டும். அந்தத் தளத்தை நிறுவிய டி.ஆர்.சுந்தரம் திருச்செங்கோட்டுக்காரர்; இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக்குப் போய் அவர் படித்தது ஜவுளித் தொழில்நுட்பம். நூலைப் படித்துவிட்டு வந்தவர் தொடங்கிய நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்துத் தள்ளியது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-இல் அங்கிருந்துதான் வந்தது. ஜவுளி படித்தவர் சாயத்தில் முந்திக்கொண்டதில் வியப்பென்ன?

இயந்திரச் சான்றும் உண்டு. பிரான்ஸில் ஜக்கார்டு 1804 வாக்கில் அமைத்த தறியில், ஓட்டை போட்ட அட்டைகளைக் கோத்து மாலையாகத் தொங்கவிடுவார்கள். ஒரு அட்டை திரும்பினால் ஒரு ஊடை ஓடும். அட்டைகள் வரிசையாகத் திரும்பத் திரும்ப மயில் உருவாகும், மாங்காய் உருவாகும். படச்சுருளிலும் ஓரமெல்லாம் ஓட்டை. ஒரு சட்டம் நகர்ந்தால் ஒரு படம். நொடிக்கு 24 நகர்ந்தால் நாயகன் ஓடுகிறான். பிறகு தறிக்கு மின்னணு ஜக்கார்டு வந்து அட்டை பென் டிரைவுக்குள் ஒடுங்கியது. கொட்டகையில் படச்சுருள் பெட்டி வன்தட்டுக்குள் ஒடுங்கியது. இரண்டு தொழிலும் ஒரே வியாதியில் படுத்து ஒரே வைத்தியத்தில் எழுந்தவை. சம்பந்தம் இதற்குமேல் என்ன வேண்டும்?

4. அளவுகோல்கள்

அ. பாவு. தறியில் நீளவாக்கில் கட்டிய நூல் பாவு. அதுதான் கதை. பாவில் ஒரு இழை அறுந்தால் நெசவாளி உடனே தறியை நிறுத்திப் பிணைப்பார். விட்டுவிட்டால் முந்திவரை கோடு விழும். இரண்டாம் காட்சியில் நாயகனின் தங்கை பள்ளிக்கூடம் போகிறாள்; அதற்குப் பிறகு படம் முடியும்வரை அவள் வீட்டுக்கு வரவே இல்லை. இது அறுந்த இழை. ஒரு படத்தில் இரண்டு இழைவரை பொறுக்கலாம். மூன்றுக்குமேல் போனால் 'செகண்ட்ஸ்' என்று தனியாகக் கட்டி வைக்க வேண்டியதுதான்.

ஆ. ஊடை. குறுக்கே ஓடும் நூல். காட்சிகள், வசனங்கள், பாட்டு. ஊடையை நெருக்கி அடிக்காத துணி வெளிச்சத்தில் பிடித்தால் சல்லடையாகத் தெரியும். சண்டைக்கும் பாட்டுக்கும் நடுவே எதிரில் உட்கார்ந்தவரின் தலைமுடியை எண்ணத் தோன்றினால் ஊடை தளர்வு என்று குறித்துக்கொள்க.

இ. ஜரிகை. நடிகர்கள். அசல் ஜரிகை என்பது பட்டு இழைமேல் வெள்ளிக் கம்பியைத் தட்டிச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. வெள்ளிக்குப் பதில் செம்பு சுற்றியதும் உண்டு. வெறும் பாலியஸ்டர் தகட்டைச் சுற்றியதும் உண்டு. தூரத்தில் மூன்றும் ஒன்றுபோலவே மின்னும். சுரண்டிப் பார்த்தால்தான் தெரியும். நடிகரைச் சுரண்ட ஓர் எளிய வழி: கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, பின்னணி இசையை நிறுத்தி, அம்மாவின் பிணத்துக்கு முன்னால் அரை நிமிடம் சும்மா நிற்கவிடுவது.

ஈ. தீச்சோதனை. அசல் பட்டு இழையைக் கொளுத்தினால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் உருகி உருண்டையாக இறுகிப்போகும். உருக்கமான காட்சிக்கும் இதே சோதனைதான். கொட்டகையை விட்டு வந்து டீ குடிக்கும்போது அந்தக் காட்சி பொடியாகி நெஞ்சில் ஒட்டியிருந்தால் பட்டு. தொண்டையில் உருண்டையாக நின்று, டீயோடு சேர்ந்து இறங்கிவிட்டால் மற்றது.

உ. முந்தி. உச்சக்காட்சி. சேலைக் கடையில் மடிப்பைப் பிரித்ததும் முதலில் விரித்துக் காட்டுவது முந்தியைத்தான். வாங்குகிறவள் அதைப் பார்த்து மயங்கினால் உடல் பகுதி வெறும் பிளெயினாக இருப்பது வீட்டுக்குப் போன பிறகே தெரியும். முன்னோட்டக் காட்சிகளைக் கண்டுபிடித்தது சினிமாக்காரர்கள் என்று யாரோ சொன்னபோது எங்கள் ஊர் மொத்த வியாபாரி ஒருவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

ஊ. சாயம். முதல் சலவையில் தெரிவது. அதாவது இரண்டாம் தடவை பார்க்கும்போது. அனேகம் படங்கள் முதல் சலவைக்கே வருவதில்லை என்பதால் இந்த அளவுகோலுக்குத் தரவு போதவில்லை.

5. நெடுந்தொடர்: ஒரு தனிச் சிக்கல்

மேற்கண்ட ஆறும் படத்துக்குப் பொருந்தும். நெடுந்தொடரிடம் போனால் கோல் முறிகிறது. 2003 முதல் 2009 வரை ஓடிய 'கோலங்கள்' 1,500 பகுதிகளைத் தாண்டியது. சேலை என்பது ஐந்தரை மீட்டரில் முந்தியைத் தொட்டாக வேண்டும். ஆறு வருடம் முந்தி வராத சேலையை எங்கே மடிப்பது? இங்கே டெனியர் முறை உதவும். 9,000 மீட்டர் இழை எத்தனை கிராம் நிறுக்கிறதோ அதுவே டெனியர். அதுபோல ஆயிரம் பகுதிகளில் கதை மட்டும் எத்தனை கிராம் என்று நிறுக்கலாம். முறைத்துப் பார்க்கும் முகங்களை மூன்று தடவை காட்டுவதை நிறுவையில் சேர்க்கக் கூடாது.

இன்னொரு நுட்பம் பாவு பிணைப்பு. பழைய பாவு தீரும் நேரத்தில் அதை முழுக்கக் கழற்றாமல், அதன் நுனிகளோடு புதுப் பாவின் நுனிகளை இழை இழையாக முடிந்து ஓட்டுவார்கள். முடிச்சு பெரிதானால் அச்சில் மாட்டி அறும். 1999-இல் தொடங்கிய 'சித்தி'க்கு 2020-இல் 'சித்தி 2' வந்தது இந்த முறையில்தான். இத்தனை வருடம் இடைவெளி விட்டுப் பாவு பிணைக்க எந்தத் தறிக்காரருக்கும் துணிச்சல் வராது.

6. தார்ச் சோதனை

கோட்பாடு போதும் என்று களத்தில் இறங்கினேன். களம்: எங்கள் வீட்டுக் கூடம். கருவி: ராட்டை. மாதிரி: பெரியம்மா, ஒருவர்.

விசைத்தறிப் பட்டறையில் இந்தச் சோதனை நடக்காது. அங்கே தொலைக்காட்சி ஓடினாலும் தடதடப்பில் ஒரு சொல்லும் விழாது. தறி ஓட்டுகிறவர்கள் உதட்டசைவை வைத்தே வில்லியை அடையாளம் கண்டுவிடுவார்கள். எங்கள் வீட்டில் இன்னும் ஒரு கைத்தறி மிச்சம் இருப்பதால் பெரியம்மா ராத்திரியில் தொடர் பார்த்துக்கொண்டே ஊடைக்குத் தார் சுற்றுவார். வலக்கை ராட்டையைச் சுற்றும். இடக்கை விரலிடுக்கில் நூல் ஓடித் தார்க்குச்சியில் ஏறும். கண் மட்டும் திரையில்.

கருதுகோள் இது: கதை நன்றாக இருந்தால் ராட்டை நிற்கும், தார் குறையும். எனவே அரைமணி நேரத்தில் சுற்றிய தார் எண்ணிக்கை தரத்துக்கு எதிர்விகிதம். முதல் நாள் ஒன்பது தார். தொடர் மோசம் என்று குறித்தேன். மறுநாள் நான்கே தார். நடுவில் ராட்டை அடிக்கடி நின்றது. துள்ளிக் குதித்துக் கேட்டேன்.

"கதை பிரமாதமா பெரீம்மா?"

"கதை கெடக்குது கழுத. அந்த மருமவ கட்டியிருக்கறது நம்ம ஊருச் சேலையாட்ட இருக்குது சாமி. கரைய பாத்தியா? எழவு வீட்டுக்கு யாராச்சும் இத்தாஞ்சோட்டுக் கரையில சேல கட்டுவாங்களா?"

கருதுகோள் அங்கேயே அறுந்தது. ராட்டை நிற்பதற்கும் கதைக்கும் தொடர்பில்லை.

7. எதிர்பாராத தரவு

ஆய்வைக் கட்டி வைத்துவிட்ட பிறகு ஒருநாள் ராத்திரி ஏதோ அலைவரிசையில் '16 வயதினிலே' போட்டான். பெரியம்மா வழக்கம்போல ராட்டை முன்னால். ரயில் நிலையத்தில் நாயகி மயில் சப்பாணிக்காகக் காத்திருக்கும் கடைசிப் பகுதி. ராட்டை நிற்கவில்லை; ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது. என் கருதுகோள்படி இது மோசமான படம்.

எதேச்சையாகக் கீழே பார்த்தேன். நூல் எப்போதோ அறுந்து, கண்டிலிருந்து தரையில் சுருண்டு கிடந்தது. தார்க்குச்சி பாதி நிறைந்த வயிறோடு வெறுமனே சுழன்றுகொண்டிருந்தது. இடக்கையின் இரண்டு விரல்களும் நூலைப் பிடித்த வாக்கிலேயே, நடுவே ஒன்றும் இல்லாமல், காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தன. ஐம்பது வருடமாக இருட்டில்கூட இழை அறுந்தால் அறியும் விரல்கள் அவை.

படம் முடிந்து விளம்பரம் வந்தபோதுதான் குனிந்து பார்த்தார்.

"நூத்துக்கு எத்தன போடலாம் பெரீம்மா?"

"இழ அறுந்ததே தெரியல. நீயே பாத்துப் போட்டுக்க சாமி" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு படுக்கப் போய்விட்டார்.

8. முடிவு

கூடையில் எண்ணிப் பார்த்தேன். முழுத் தார் பதினொன்று. ராட்டையில் அரைத் தார் ஒன்று.

விகடனின் அந்த அரை மதிப்பெண் எதற்கு என்று இப்போது ஒருவாறு புலப்படுகிறது. மீதி அறுபத்திரண்டைப் பற்றி ஆய்வு தொடர்கிறது.