தலை எண்ணும் குருக்கள்

திருச்சபை ஊழியத்துக்கும் இப்போது மதிப்பெண் அட்டை வந்துவிட்டது. ஞாயிறு வருகை எத்தனை, ஞானஸ்நானம் எத்தனை, காணிக்கை எவ்வளவு, யூடியூபில் பார்த்தவர் எத்தனை பேர்? கட்டங்களை நிரப்பி மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும்.

இந்தத் தாளை ஏலாக்குறிச்சியில் இருந்த வீரமாமுனிவரிடம் நீட்டியிருந்தால் பாவம், மனுஷர் தேறியிருக்க மாட்டார். தேம்பாவணி, 3,615 பாடல்கள். எந்தக் கட்டத்தில் எழுதுவது? 1732இல் சதுரகராதி. 'இதர பணிகள்' என்று ஒதுக்கிவிட்டு, அகராதியைப் புரட்டி ஞானஸ்நானம் பெற்றவர் யாராவது உண்டா என்று குறிப்பாணை வந்திருக்கும். அடுத்த காலாண்டில் இலக்கணம் எழுதுவதைக் குறைத்துக்கொள்ளவும்!

ஆனால் இந்த எண்ணும் வித்தையை அவர் அன்றைக்கே பரமார்த்த குரு கதையில் எழுதிவைத்துவிட்டார். ஆற்றைக் கடந்த சீடன் தன்னை விட்டுவிட்டு எண்ண, ஒருவன் குறைகிறான் என்று எல்லோருமாக ஒப்பாரி வைத்தார்கள். அந்தச் சீடர்களான மட்டியும் மடையனும் யோக்கியர்கள். கணக்கு குறைந்துதான் வந்தது. நம் காலத்துக் கணக்கு குறைவதே இல்லை. பக்கத்துத் தெருச் சபையில் கோபித்துக்கொண்டு வந்த குடும்பம் இங்கே 'புதிய ஆத்துமாக்கள்'. அங்கேயோ பதிவேட்டில் பெயரை அடிக்க யாருக்கும் கை வரவில்லை. ஒரே ஆள் இரண்டு சபையிலும் வளர்ச்சி.

ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவிடம் வேண்டிக்கொள்ள வருகிறவர்களில் பிற மதத்தாரும் உண்டு. அவர்களை எழுத அந்தத் தாளில் கட்டமே கிடையாது.